வாசலில் சொல்லக்கூடாத வசனம்

மூச்சை எங்கே பிடிப்பது, உச்ச ஸ்வரத்தில் தொண்டையை எப்படித் திறப்பது என்றெல்லாம் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள், பிள்ளைகளே. அதற்கு உங்களுக்கு இசைக் கல்லூரியில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையில் நான் கை வைக்க மாட்டேன். பிழையான வசனம் ஒன்று வாயைவிட்டு வெளியே போன பிறகு என்ன செய்வது என்பதைத்தான் நான் எழுதப் போகிறேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. யாழ்ப்பாணத்து மாதா கோயிலில் பாடத் தொடங்கி, அகதியாய் ஜேர்மனிக்கு வந்து, ஹனோவரிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் வரும் ஒரு சிறு நகரத்து நாடகசாலையில் கோரஸ் சோப்பிரானோவாக, அதாவது கூட்டத்தோடு பாடும் உச்சக்குரல்காரியாகச் சேர்ந்து, போன கோடையில் ஓய்வுபெற்றவள். 'தியேட்டரில் வேலை' என்று முதன்முதலில் சொன்னபோது எங்கள் சனம் சினிமாத் தியேட்டர் என்று நினைத்துக்கொண்டது. புதுப்படம் வந்தால் எனக்கு ஒரே தொலைபேசி. "அக்கா, பின் வரிசையிலை ஒரு அஞ்சு சீற் பிடிச்சுத் தாங்கோ" என்பார்கள். நான் மேடையில் பாடுகிறவள் என்று விளக்கியதும், "ஓ, அங்கை பாட்டும் போடுறவையே?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் இதையெல்லாம் கேட்கத்தான் போகிறீர்கள். கோபப்படாமல் ஒரு சீற் எடுத்துக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இன்னுமொன்று. இங்கே மேடைக்குப் போகுமுன் ஒருவரின் தோளுக்கு மேலாகத் துப்புவதுபோலப் பாவனை செய்து 'தொய் தொய் தொய்' என்பார்கள். வாழ்த்துத்தான். முதல் நாள் எனக்கு அது தெரியாது. துப்பியவள் என்னைத் தொய்ந்துபோ என்று சபிக்கிறாள் என்று நினைத்து முகத்தை நீட்டிக்கொண்டு போய் நின்றேன். அந்த வாழ்த்துக்கு நன்றி சொன்னால் கூடாதாம், காட்சி குழம்பிவிடுமாம். புதிதாக வருகிற ஜேர்மன் பிள்ளைகள் வாய் தவறி 'டங்க' என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சிக்கல் ஒருநாளும் வந்ததில்லை. நாங்கள் வீட்டில் தேத்தண்ணி தந்தவருக்கு நன்றி சொல்லி வளர்ந்தவர்களா என்ன?

ஆனால் வேறொரு வழக்கம் என் காலை வாரியது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு ஒழுங்கு: கதையில் வரும் ஜேர்மன்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள். வீட்டுக்கு வந்து இவருக்கு, அதாவது என் கணவருக்கு, நான் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

ஒரு வருடம் எங்கள் நாடகசாலையில் ஒரு புது இசைநாடகம் போட்டார்கள். பழைய ஹொலிவூட் பாட்டுப்படங்களில் நடித்த ஒரு சோப்பிரானோவின் கதை. கற்பனைப் பெண்தான். சிற்றூரில் பிறந்தவளைப் பட முதலாளி ஒருவர் கண்டுபிடிக்கிறார். பல்லைச் சீராக்கி, புருவத்தைச் சிரைத்து, பெயரையும் மாற்றி நட்சத்திரமாக்குகிறார். பிறகு படத்துக்குப் படம் அவள் பரிடோன் எனப்படும் கனத்த குரல்காரன் ஒருவனைக் காதலிக்க வேண்டும். படகு வந்தால் காதல், குதிரை வந்தால் பிரிவு, இரண்டுக்கும் நடுவில் உச்ச ஸ்வரத்தில் ஒரு பாட்டு. வருடங்கள் ஓடுகின்றன. குரல் அப்படியே இருக்க, முதலாளி ஒருநாள் ஒரு சின்னப் பெட்டையைக் கூட்டிக்கொண்டு வந்து, "இனி நீ இவளுக்கு அம்மா" என்கிறார். அவள் பேசாமல் கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். "இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வரேலாது" என்று அவர் எச்சரிக்கிறார். அவள் திரும்பிப் பார்த்து, 'இஷ் கேஹே' என்கிறாள். நான் போகிறேன். அவ்வளவுதான் வசனம். கதவு அடித்துச் சாத்தப்படும். அந்தச் சத்தத்தில் வாத்தியங்கள் தொடங்கும். அவள் மூடிய திரைக்கு முன்னால் தனியே வந்து நின்று, இனி வரவே மாட்டேன் என்று கடைசிப் பாட்டைப் பாடுவாள்.

நான் அந்த முதலாளியின் கந்தோரில் தட்டச்சு அடித்தபடி பாடும் பெண்களில் ஒருத்தி. பின் வரிசை, இடப்பக்கம்.

எங்கள் ஒப்பந்தங்கள் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படுபவை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இலையுதிர் காலத்தில் கோரஸில் ஒரு சோப்பிரானோவைக் குறைக்கப்போவதாகக் கதை அடிபட்டது. அடுத்த கிழமையே நாடகசாலைத் தலைவி திங்கட்கிழமைக்கு எனக்கு ஒரு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், தந்தார். இந்த நாட்டில் நல்ல செய்தியைப் படிக்கட்டில் வைத்தே சொல்லிவிடுவார்கள். கெட்ட செய்திக்குத்தான் நேரம் குறித்துக் கதிரை போட்டு இருத்துவார்கள். வேலை போனால் சோறு இல்லாமல் போகாது. இவர் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, என்னையும் அங்கே சேர்த்துவிட்டிருப்பார். ஆனால் பாடாமல் இருக்க எனக்கு ஏலாது. மேடையைவிட்டு இறக்கப்பட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம், கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது. இசைநடத்துநர். நாயகிக்குக் குரல் அடைத்துவிட்டது. வேறு நகரத்திலிருந்து கூப்பிட்ட பாடகி ரயிலில் எங்கேயோ வயல் நடுவே நிற்கிறாள்.

"உங்களுக்கு அவவின்ர பாட்டெல்லாம் பாடமாமே. அலுவலறையில சொல்லிச்சினம். இண்டைக்கு நீங்கள் பாடுவியளா?"

எனக்கு ஜேர்மன் முழுவதும் மறந்து, எங்கள் ஊர் 'ஆமாம்'தான் வாயில் வந்தது. "ஓம்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். நான் திரும்பவும், "ஓம்... ஓம்" என்றேன்.

"நல்லது," என்றார் அவர், மிக மெதுவாக. "வடிவா மூச்சை எடுங்கோ. மனம் அமைதியானாப் பிறகு சொல்லுங்கோ. நான் காத்திருக்கிறன்."

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நான் தொலைபேசியில் தியானம் செய்கிறேன் என்று அந்த மனுசன் நினைத்துவிட்டார். பிறகுதான் சுதாரித்து, "யா, யா, பாடுறன்" என்று கத்தினேன்.

பாட்டெல்லாம் மனப்பாடம் என்பது உண்மை. பின் வரிசையில் நிற்கிறவளுக்குக் காது முன் வரிசையில்தான் இருக்க வேண்டும், பிள்ளைகளே. நாயகியின் பாத்திரம் முழுவதையும் நான் வீட்டுக் குசினியில் நடித்துப் பார்த்திருந்தேன். முதலாளி வேடம் இவருக்கு. கையில் அகப்பையுடன், "இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வரேலாது" என்று மிரட்டுவார். நான் கடைக்குப் போகும் பையைத் தூக்கிக்கொண்டு, குசினி வாசலில் நின்று, "இஷ் கேஹே" என்பேன். முதல் தடவை அப்படிச் சொன்னதும் இவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இஞ்சேர், வாசல்ல நிண்டு போறன் எண்டு சொல்லாதை."

"இது நாடகமப்பா. ஜேர்மன்."

"எந்தப் பாஷையெண்டாலும் சொல்லாதை."

இவருடைய தமையன் ஒருநாள் ஊர் வீட்டின் வெளி வாசலில், படலையடியில் நின்று, "நான் போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர். வரவில்லை. அவர்களுடைய அம்மா, என் மாமி, கடைசிவரை அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிச் சொல்லி அழுதார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குப்பை போட வெளியே போவதானாலும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். போய்விட்டு வருகிறேன். ஆகவே இவருடைய மனம் நோகாமல் நான் குசினியில் வசனத்தை மாற்றிக்கொண்டேன். 'இஷ் கேஹே உண்ட் கொம்ம', நான் போய் வருகிறேன், என்று சொல்வேன். ஜேர்மன் மொழியில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. இவர் சிரித்துக்கொண்டு, "அதுதான்" என்பார். கறி கொதிக்கும்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

ஒப்பனை அறையில் ஒரு மஞ்சள் விக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாயகி உயரமான பொன்நிறத் தலைக்காரி. விக்கைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். தலையில் கோழிக்குஞ்சு படுத்திருந்தது. ஆட்டத்தில் அது கழன்று விழுந்தால் சனம் மிச்ச நேரம் முழுக்க விக்கைத்தான் பார்க்கும், என் பாட்டைக் கேட்காது. "வேண்டாம்" என்றேன். என் சொந்தத் தலைமயிரைக் கொண்டை போட்டு ஒரு தொப்பியைக் குத்திக்கொண்டேன். அவசர நேரத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, விழக்கூடிய ஒன்றைக் குறைப்பது நல்லது. இதை வேறு வேலைகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மேடையின் முன் விளிம்பில் தரையோடு ஒட்டினாற்போல ஒரு சிறு பெட்டி இருக்கும். அதற்குள் இருந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பார் ஒரு பெண்மணி. மனதுக்குள் நான் அவரைப் பெட்டிக்காரி என்பேன். எந்நேரமும் பெப்பர்மின்ட் சூப்புவார், யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அன்றைக்கு என் அறை வாசலுக்கு வந்தார்.

"வசனம் மறந்தால் என்னைப் பாருங்கோ, தருவன்," என்றார். "பிழை விட்டால் என்னைப் பார்க்காதேங்கோ. நீங்கள் எங்கை பார்க்கிறியளோ அங்கைதான் சனமும் பார்க்கும். எதிரில நிக்கிற ஆளைப் பாருங்கோ. அவர்தான் காப்பாத்துவார், இல்லாட்டி அவரும் சேர்ந்து தாழுவார்." அதோடு என் தோளுக்கு மேலால் 'தொய் தொய் தொய்' என்றார். நான் நன்றி சொல்லவில்லை.

பாட்டுகள் நன்றாகவே போயின. படகு வந்தது, காதலித்தேன். குதிரை வந்தது, பிரிந்தேன். உச்ச ஸ்வரங்கள் இருந்த இடத்தில் இருந்தன. தட்டச்சுக்காரிகள் எனக்காகவே கொஞ்சம் கூடுதலாகப் பாடினார்கள். இருட்டுக்குள் நாலாவது வரிசையில் தலைவி இருந்தது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை மாறக்கூடும் என்று முதல் தடவையாக நினைத்தேன். அந்த நினைப்புத்தான் ஆபத்து. கடைசிக் காட்சி முடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

முதலாளி வேடக்காரர் பெரிய உருவம், கனத்த குரல். சின்னப் பெட்டையைக் காட்டி, "இனி நீ இவளுக்கு அம்மா" என்றார். நான் கைப்பையை எடுத்தேன், குடையை எடுத்தேன், வாசலுக்குப் போனேன்.

"இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வரேலாது."

கையில் பை. கையில் குடை. வாசல். நான் நிமிர்ந்து, தெளிவாக, கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னேன்:

"இஷ் கேஹே உண்ட் கொம்ம."

நான் போய், வருகிறேன்.

இசைநடத்துநரின் கோல் மேலே போனது, அப்படியே நின்றது. கதவைச் சாத்தாமல் வாத்தியம் தொடங்க ஏலாது. கதவைச் சாத்த என் கை வரவில்லை. திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு எப்படிக் கதவை அடித்துச் சாத்துவது? என் கண் பெட்டியைத் தேடிக் கீழே இறங்கத் தொடங்கியது. பெப்பர்மின்ட்காரியின் சொல் ஞாபகம் வந்தது. கண்ணை வழியிலேயே நிறுத்தி, முதலாளியின் முகத்தில் வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருடைய மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. பிறகு, மிக மரியாதையாக, ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரைக் கேட்பதுபோல, "வன்?" என்று கேட்டார்.

எப்ப?

சபை வெடித்தது. மனிதர்கள் கதிரையில் புரண்டு சிரித்தார்கள். 'மன்னிக்கவும்' என்று சொல்லிவிட்டுச் சரியான வசனத்தைத் திரும்பச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லியிருந்தால் அதோடு சரி. சனம் மன்னித்திருக்கும், ஆனால் அந்த நட்சத்திரம் செத்திருப்பாள். மேடையில் நின்றது ஒரு பயந்த கோரஸ்காரி என்பது தெரிந்துபோயிருக்கும். அவளோ யாருக்கும் பயப்படாதவள். அப்படியென்றால் அவள் சொன்னது பிழையாக இருக்க ஏலாது. வருவேன் என்று சொன்னாள் என்றால் வரத்தான் போகிறாள். எப்போது என்பதைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிரிப்பு இறங்கும்வரை நின்றேன். குடையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"நீங்கள் ஒரு நல்ல படம் எடுக்கேக்கை," என்றேன்.

பிறகு கதவைச் சாத்தினேன். மெதுவாக. ஒரு 'கிளிக்' மட்டும். அந்தச் சிறு சத்தத்துக்கு இசைநடத்துநர் கோலை இறக்கினார், இன்றைக்கு நினைத்தாலும் அவரைக் கும்பிட வேண்டும்.

சிக்கல் அதோடு தீரவில்லை. அடுத்த பாட்டு 'இனி வரவே மாட்டேன்' என்பது. நான் திரைக்கு முன்னால் வந்து முதல் அடியைப் பாடியதும் சனம் திரும்பவும் சிரித்தது. நாடகத்திலேயே துக்கமான பாட்டு அது. வேகமாகப் பாடித் தப்பிவிடலாம். பகிடியோடு பகிடியாக நானும் சிரித்துப் பாடலாம். இரண்டும் வேண்டாம் என்று குரலைக் குறைத்தேன். வீட்டுக் குசினியில் பாடும் அளவுக்குக் குறைத்தேன். இசைநடத்துநரும் வாத்தியங்களை என்னோடு இறக்கினார். சிரித்துக்கொண்டு கேட்கக்கூடிய அளவைவிடப் பாட்டு சின்னதாகியது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். பாதிப் பாட்டில் எனக்கு இவருடைய தமையன் படலையடியில் நிற்கிறது தெரிந்தது. முகம்கூட ஞாபகமில்லை, போட்டிருந்த சேட்டு மட்டும். வரவே மாட்டேன் என்று நான் பாடியது அவருக்காகத்தான். உச்ச ஸ்வரம் வந்தது. விட மனமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டபோது சபையில் யாரும் சிரிக்கவில்லை.

திரை விழுந்ததும் பெட்டிக்காரி வந்தார். "இவ்வளவு காலமும் அடுத்த வசனம் என்னெண்டு தெரிஞ்சுகொண்டே நாடகம் பார்க்கிறன்," என்றார். "இண்டைக்குத்தான் தெரியாமல் இருந்தது." அது பாராட்டா இல்லையா என்று விளங்கமுதல் போய்விட்டார்.

திங்கட்கிழமை. தலைவியின் அறை. இவர் காலையில் எனக்குச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுத் தந்திருந்தார். கதிரை போட்டு இருத்தினார்கள், கோப்பி தந்தார்கள். கோப்பி தந்தால் செய்தி இன்னும் மோசம் என்பது எங்கள் கோரஸில் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த வசனம் எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டார் தலைவி.

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். பதற்றத்தில் உளறிவிட்டேன் என்றால் முடிந்தது. ஆனால் நான் உண்மையையே சொன்னேன். எங்கள் ஆட்கள் வாசலில் நின்று போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள் என்பதை, ஏன் என்பதை, இவருடைய தமையனை. அவர் கோப்பியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோரசில ஒரு சோப்பிரானோவைக் குறைக்க வேணும். அது மாறேல்லை," என்றார். நான் கோப்பியைக் கீழே வைத்தேன். "அதனால நீங்கள் கோரசில இருந்து போறியள். தனிப்பாத்திரத்துக்கு. சின்னச் சின்னப் பாத்திரந்தான், பெரிசா எதிர்பார்க்காதேங்கோ. சம்மதமோ?"

"ஓம்" என்றேன். அவர் நான் தியானிப்பதாக நினைக்கவில்லை. என் முகம் மொழிபெயர்த்திருக்கும்.

எழுந்து கைகுலுக்கினேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததால், இனியும் பிழை விடக்கூடாது என்று மிகக் கவனமாக, நல்ல ஜேர்மனில், "அப்ப நான் போறன்" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.

"பிழையான வசனம்," என்றார் அவர் கண்ணாடிக்கு மேலால்.

நான் திரும்பி நின்று சரியாகச் சொன்னேன். தமிழிலேயே.

குணமாகி வந்த நாயகியும் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி "வன்?" என்று கேட்டதற்கு அவள் பெட்டியைப் பார்த்தாள். அடுத்த நாளே பழையபடி 'இஷ் கேஹே' ஆக்கிவிட்டார்கள். ஒரு பிழை யாருக்குச் சொந்தமோ அவருக்குத்தான் அது உதவும். நீங்கள் என்னுடையதைப் போட்டுப் பார்க்காதீர்கள். உங்களுக்கு உங்களுடையது வரும்.

அதன் பிறகு நான் விதவைகளாகவும் வேலைக்காரிகளாகவும் இரண்டு தடவை மந்திரவாதியாகவும் பாடினேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து ஒப்பனை அறைகளைக் கடக்கையில் "போட்டு வாறன்" என்பேன். உள்ளேயிருந்து முதலாளி வேடக்காரரின் கனத்த குரல், "வன்?" என்று கேட்கும். "நாளைக்கு" என்பேன், அல்லது "செவ்வாய்க்கிழமை". விடுமுறைக்கு முந்திய நாளென்றால், "நீங்கள் ஒழுங்காப் பாடக் கற்றுக்கொண்ட பிறகு."

போன கோடையில் கடைசி நாள். பூங்கொத்து, கேக், பேச்சு எல்லாம் முடிந்தது. பையையும் என் குடையையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். முதலாளி வேடக்காரரின் அறை வாசலில் நின்று, "போட்டு வாறன்" என்றேன். அவரும் வயதாகி அரைவாசி நேரம் கதிரையிலேயே இருக்கிறார். வழக்கம்போல, "வன்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே விளங்கியது. நான் எந்தக் கிழமையைச் சொல்வது? இத்தனை வருடம் மேடையில் நின்றவளுக்கு எடுத்துக்கொடுக்கப் பெட்டிக்காரியும் பக்கத்தில் இல்லை. அதனால் எதிரில் நின்ற ஆளின் முகத்தைப் பார்த்தேன். பிறகு திரும்பி எங்கள் அறைக்குள் குடையோடு போய், குடையில்லாமல் வந்தேன்.

நீங்கள் யாராவது அந்த நாடகசாலைக்கு வேலைக்குப் போனால், சோப்பிரானோக்களின் அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு நீலக் குடை தொங்கும். மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து யாரும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். அது எனக்கு அங்கேதான் வேண்டும்.